கோமதியும் அண்ணன்மாரும் எப்ப கதைப்பாங்க? ('பாண்டியன் ஸ்டோர்ஸ் 2' நாடகம்)

உவர்மலைக்காரி
நேற்று இரவு எங்கட வீட்டில சண்டை. காரணம் சக்திவேல். அம்மா ராஜிக்காக மூக்கைச் சிந்திக்கொண்டு இருந்தா. அப்பா, "காசு வாங்கி நடிக்கிற பிள்ளைக்கு நீ ஏன் அழுகிறாய்" என்று கேட்டிட்டார். ரிமோட் பறந்தது. பற்றரி இன்னும் கதிரைக்குக் கீழதான் கிடக்கு.

புதுசா வாறவங்களுக்கு ஒரு சுருக்கம். கோமதி விரும்பிப் பாண்டியனைக் கட்டினவ. அன்றையிலிருந்து அண்ணன்மார் முத்துவேலும் சக்திவேலும் பகை. பிறகு முத்துவேலின்ட மகள் ராஜி ஒருத்தனை நம்பி நகையோட வீட்டை விட்டு வந்தா, அவன் நகையைத் தூக்கிக்கொண்டு ஓடிட்டான். பிள்ளையின்ட மானம் போகக்கூடாது என்று கோமதி தன்ட மகன் கதிரைக் கட்டவைச்சா. எரியிற நெருப்பில எண்ணெய் அப்பிடித்தான் விழுந்தது.

கதிர் ராஜி சேருறதைப் பற்றி இங்க கதைக்க வேண்டாம். அவங்க சேர்ந்திடுவாங்க, எனக்குப் பயமில்லை. என்ட கேள்வி வேற: கோமதியின்ட வாசலுக்கு அண்ணன்மார் வரவேணுமா? வந்தால் எப்பிடி வரவேணும்?

ஒரு நிபந்தனை. சக்திவேலின்ட மகன் குமரவேல் கோமதியின்ட மகள் அரசியை ஏமாத்தின இடம் வரைக்கும்தான் கதைக்கலாம். அதுக்குப் பிறகு நடந்ததை ஒருத்தரும் எழுதாதீங்க. அம்மா விட்டுவிட்டுப் பாக்கிறதால கனக்கப் பின்னுக்கு நிக்கிறா. என்ட தோளுக்கு மேலால இதையும் வாசிப்பா.

பாலையூற்றுப்_பெட்டை
வரக்கூடாது. அவ்வளவுதான்.

உவர்மலைக்காரி
ஏன் எண்டு சொல்லுமன்.

பாலையூற்றுப்_பெட்டை
சொல்லுறன். ஒரு பொம்பிளை தனக்குப் பிடிச்சவரைக் கட்டினா. பிள்ளைகள் வளர்ந்து, அதுகளுக்குக் கலியாணமும் நடந்து முடிஞ்சிது. அதுவரைக்கும் ஒரே தெருவில இருந்துகொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போன ஆக்கள் அவங்க. இப்ப ஒரு நல்ல நாள் பார்த்து, பின்னால வயலின் போட்டு, "தங்கச்சி" எண்டு கையை விரிச்சால் கோமதி ஓடிப்போய் விழவேணுமா? எல்லா நாடகத்திலயும் இதுதான். தப்புச் செய்தவங்க கடைசிக் கிழமையில ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவாங்க, பட்டவ உடனே மன்னிப்பா. குமரவேல் பழிவாங்கவெண்டு அரசியைக் காதலிக்கிற மாதிரி நடிச்சானே, அதைப் பார்த்த பிறகும் அந்த வீட்டோட என்ன சமாதானம்?

நிலாவெளி_வெங்காயம்
சமாதானம் வந்தால் நாடகம் முடிஞ்சுது தங்கச்சி. கிழமைக்கு ஐஞ்சாறு நாள் அடுப்பு எரியவேணும், விறகு சண்டைதான். முத்துவேலுக்கு மனசு இளகுற எபிசோட்டைப் பார்த்தீங்களென்றால் அடுத்த நாளே சக்திவேல் வந்து ஒரு வாளி தண்ணி ஊத்துவார். முதல் பாகம் 2018 ஒக்டோபரில தொடங்கி 2023 ஒக்டோபரில முடிஞ்சுது. ஐஞ்சு வருசம். அதுக்குள்ள அந்த அண்ணன் தம்பி எத்தனை தரம் பிரிஞ்சாங்க, எத்தனை தரம் சேர்ந்தாங்க எண்டு கணக்குத் தெரிஞ்சவங்க கையைத் தூக்குங்க. முடிஞ்சு இரண்டு நாளில, அதே மாசம் 30ஆம் திகதி, ரெண்டாம் பாகம். அண்ணன் மூர்த்தியா நடிச்ச ஸ்டாலின் இப்ப அப்பா பாண்டியன். அவருக்கும் மூச்சு விட நேரமில்லை.

டொக்யார்ட்_ரிட்டயர்ட்
பிள்ளைகள், கிழவனுக்கும் கொஞ்சம் இடம் விடுங்கோ. நான் இந்த நாடகங்களை 'சித்தி' காலத்திலிருந்து பார்க்கிறவன். அப்ப எங்கட மணிக்கூடும் இந்தியா மணிக்கூடும் ஒன்றில்லை. 1996இல மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று அரசாங்கம் நேரத்தை முன்னுக்குத் தள்ளினது. முதல் ஒரு மணித்தியாலம், பிறகு அரை மணித்தியாலமாகக் குறைச்சது. 2006 ஏப்ரலிலதான் பழையபடி வந்தது. அந்தப் பத்து வருசமும் சென்னையில ஒன்பது மணி நாடகம் திருகோணமலையில ஒன்பதரைக்கு. 'மெட்டி ஒலி' சிதம்பரத்தின்ட ஐஞ்சு பெண்ணுக்காகவும் கவலைப்பட்டு முடிய, விடிய டியூட்டிக்கு எழும்ப ஏலாது.

இனி விசயத்துக்கு வாறன். இந்தச் சண்டையே எங்கட பக்கம் நடக்காது. சண்டை வராது எண்டு சொல்லேல்லை, வேற மாதிரி வரும். யோசிச்சுப் பாருங்கோ. அங்க பிள்ளை கலியாணம் கட்டினால் பிறந்த வீட்டை விட்டுப் போறா, அண்ணன்மார் வீட்டில இருக்கிறாங்க. அதால அவங்க கதவைப் பூட்டலாம். இங்க வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. தாய் தகப்பன் கட்டின வீட்டைச் சீதனமாகக் கோமதிக்கு எழுதியிருப்பாங்க. பாண்டியன் அந்த வீட்டுக்கு வந்து மருமகனாக இருந்திருப்பார். முத்துவேலும் சக்திவேலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு பெண் எடுத்த வீட்டுக்குப் போயிருப்பாங்க, ஒருத்தர் மனையாவெளிக்கு, மற்றவர் அன்புவழிபுரத்துக்கு. கதவைப் பூட்டுறதெண்டால் கோமதிதான் பூட்டவேணும்!

கிண்ணியா_மச்சி
ஹாஹா ஐயா சொன்னது சரி. எங்கட பக்கமும் அப்பிடித்தான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வாறவர். நானாமார் ராத்தாமார் சண்டை எண்டால் முக்காவாசி வீட்டுச் சண்டைதான். தங்கச்சிக்கு வீடு கட்ட நானா வெளிநாடு போய் உழைப்பார். கட்டி முடிச்சு, குடிபுகுந்து, ஒரு வருசத்தில அந்த வீட்டுக்குள்ள அவரே விருந்தாளி. "நான் கட்டின வீட்டில எனக்கு பிளாஸ்டிக் கப்பில தேத்தண்ணி தந்தாங்க" எண்டு கோவிச்சுக்கொண்டு போன ஒரு மாமாவை எனக்குத் தெரியும்.

பாலையூற்றுப்_பெட்டை
அதெல்லாம் சரி ஐயா. பூட்டினது ஆர் எண்டதா கேள்வி? ஏன் பூட்டினாங்க எண்டதுதானே. எங்கட பக்கமும் ஒரு பெட்டை விரும்பிக் கட்டினால் சீதன வீடு கிடைக்குமா? உறுதி வேற பிள்ளையின்ட பேருக்குப் போகும். மாறினது கதவின்ட பக்கம் மட்டும்தான்.

டொக்யார்ட்_ரிட்டயர்ட்
அது உண்மை. மறுக்கேல்லை.

ஸ்காபரோ_சித்தப்பா
இங்க விடிய நாலு மணி, நித்திரை வரேல்லை, அதால எழுதுறன். நானும் பார்க்கிறனான், தலை போனாலும் மனுசியிட்டச் சொல்ல மாட்டன். எனக்கு வேண்டியது ஒண்டுதான். அந்த ஆச்சி, கோமதியின்ட அம்மா, அவ மகன்மாற்ற வீட்டில இருக்கிறா. மகளை எட்ட நிண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறா. அவவின்ட கண் மூட முதல் நடக்கவேணும். அவ்வளவுதான் எனக்கு. பிறகு சக்திவேல் திரும்பக் கத்தினாலும் பரவாயில்லை.

நிலாவெளி_வெங்காயம்
சித்தப்பா அழவைக்காதீங்க, நான் வெங்காயம் வேற.

கோணமலைக்_காற்று
ஸ்காபரோ அண்ணா சொன்னதில்தான் எனக்கும் மனம் நிற்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் பாகத்தில் லட்சுமி அம்மா செத்த கிழமை ஞாபகம் இருக்கிறதா? கடைக்குட்டி கண்ணன் வீட்டாருக்குத் தெரியாமல் ஐஸ்வர்யாவைக் கட்டிக்கொண்டு வெளியே நின்ற நேரம். மூர்த்தி அவனோடு கதைக்கவில்லை. அம்மா போய்விட்டா. கடைசியாக ஒரு தரம் முகம் பார்க்க அவனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் கிழமை ஒருத்தரும் சரியாகச் சாப்பிடவில்லை. நாடகம் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்துதான் சாப்பிடவில்லை.

காரணம், எங்கள் அப்பாவும் ஒரு மூர்த்தி. அப்பாவின் தம்பி ஒருவர் 1990 ஜூனில் பிரச்சினை தொடங்கினதும் வள்ளத்தில் ஏறி இந்தியாவுக்கு, மண்டபத்துக்குப் போனவர். அப்பா அப்போது வேறு காரணத்துக்காக அவரோடு கதைக்காமல் இருந்தார். என்ன காரணம் என்று கேட்டால் இன்றைக்கும் ஒழுங்காகச் சொல்ல மாட்டார். ஏதோ வலை, ஏதோ கடன், யாரோ ஒருவர் சொன்ன சொல். தம்பி கரையில் நிற்கிறார் என்று தெரிந்தும் போகவில்லை. இரண்டு நாளில் வந்துவிடுவான் என்று நினைத்தாராம். அவர் திரும்பி வர இருபது வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் அப்பம்மா இல்லை.

சித்தப்பா வந்ததும் முதலில் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நேரே கன்னியாவுக்குப் போனார். ஊர் ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அநுராதபுர வீதியால் போனால் வருகிற ஏழு வெந்நீர்க் கிணறுகள். இராவணன் தன் தாய்க்குக் கிரியை செய்த இடம் என்று ஐதீகம். நாங்களும் செத்தவர்களுக்கு அந்தியேட்டி செய்ய அங்கேதான் போவோம். ஒவ்வொரு கிணற்றிலும் ஒவ்வொரு சூடு. சித்தப்பா தாய்க்குச் செய்ய முடியாமல் போனதை அங்கே போய்ச் செய்தார். யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மோட்டார் சைக்கிள் வீட்டில் நின்றது, அதை எடுக்கவில்லை. ஏன் என்று இப்போதும் விளங்கவில்லை, ஒருவேளை போய்ச் சேரக் கொஞ்சம் நேரம் தேவைப்பட்டிருக்கும்.

நான் பின்னால் போனேன். கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒன்றுமில்லை. அப்பா போய்ப் பக்கத்தில் நின்றார். சித்தப்பா வாளியால் அள்ளி ஊற்றிக்கொண்டு இருந்தார். கொஞ்சம் பொறுத்து அப்பா, "அதில சூடு கூட. இங்கால வா" என்றார். அவ்வளவுதான் கதை. சித்தப்பா அடுத்த கிணற்றுக்கு வந்தார்.

அதனால் எனக்கு முத்துவேல் கோமதியைக் கட்டிப்பிடிக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்க வேண்டாம். ஏதாவது ஒரு சின்ன வேலையை இரண்டு பேரும் பக்கத்தில் நின்று செய்யட்டும். கடையில் ஒரு மூட்டையை ஒருவர் தூக்க மற்றவர் கை கொடுக்கட்டும். எனக்கு அது போதும்.

ஸ்காபரோ_சித்தப்பா
"இங்கால வா." தம்பி, நான் இனி நித்திரை கொண்ட மாதிரித்தான்.

பாலையூற்றுப்_பெட்டை
சரி, இது நல்லாயிருக்கு. ஆனால் ஒண்டு கவனிச்சீங்களா அண்ணா? உங்கட அப்பா போனவர். தப்புச் செய்தவர் தானே சைக்கிள் மிதிச்சுப் போனவர். சித்தப்பாவை வரச்சொல்லிக் காத்திருக்கேல்லை. சக்திவேல் சைக்கிள் மிதிக்கட்டும், நானும் கை தட்டுறன்.

கிண்ணியா_மச்சி
சக்திவேல் மிதிக்க மாட்டார். சக்திவேல் காரில வந்து ஹோன் அடிப்பார்.

ஒரு விசயம் சொல்லட்டா. எங்கட உம்மாவும் சாச்சியும் ஒரு காலம் கோவம். சாச்சி கிண்ணியாவில, நாங்க அப்ப டவுண் பக்கம். 2009இல பாலம் திறக்க முதல் பாதையில ஏறித்தான் கடக்கவேணும். பாதை எண்டால் ரோட் இல்ல, தண்ணிக்கு மேலால வாகனமும் சனமும் ஒண்டா ஏத்திக்கொண்டு போறது. அதில ஏறினால் கோவக்காரரோட தோளுக்குத் தோள் முட்டத்தான் வேணும். எங்க திரும்பினாலும் அவங்க முகம். உம்மாவும் சாச்சியும் ரெண்டு மூண்டு தரம் அப்பிடி ஏறுப்பட்டு, நாலாம் தரம் சாச்சியின்ட பிள்ளை என்ட மடியில சத்தி எடுத்து, உம்மா சீலைத் தலைப்பால துடைச்சு, அதோட கோவம் முடிஞ்சுது.

இப்ப பாலம். 396 மீற்றர். ரெண்டு நிமிசத்தில கடந்திடலாம். ஆளாளுக்கு ஓட்டோ. பாலம் வந்த பிறகு எங்கட குடும்பத்தில வந்த கோவம் ஒண்டும் தீரேல்லை. பாலம் வந்ததை நான் குறை சொல்லேல்லை, ஆஸ்பத்திரிக்குப் போக எவ்வளவு உதவி. ஆனாலும்.

நாடகத்தில அவங்க ஒரே தெரு. ஒரு நாளைக்கு எத்தனை தரம் காணுவாங்க. அதாலதான் அந்தப் பகை எனக்குக் கொஞ்சம் செயற்கையாத் தெரியுது. அவ்வளவு கிட்ட இருந்தால் இவ்வளவு காலம் தாங்காது.

டொக்யார்ட்_ரிட்டயர்ட்
பிள்ளை, கிட்ட இருந்தால்தான் தாங்கும். எங்கட ஒழுங்கையில ரெண்டு வீடு. நடுவில கிடுகு வேலி. 2004 சுனாமியில வேலி போனது. மூண்டு நாள் ஒரே பானையில சமைச்சுச் சாப்பிட்டாங்க. நாலாம் நாள் திரும்ப வேலி போட்டாங்க. இந்த முறை தகரம்.

நிலாவெளி_வெங்காயம்
இதை எந்த டைரக்டரும் எடுக்க மாட்டார். சுனாமியில சேர்ந்தாங்க எண்டால் 'தொடரும்' போடலாம். நாலாம் நாள் தகரம் அடிச்சாங்க எண்டால் எந்த மியூசிக் போடுறது?

உவர்மலைக்காரி
இது கோமதியின்ட இழை. சுனாமியை விடுங்க, சனம் அழுகுது. தங்கமயில் விசயத்துக்கு ஆரும் வாறீங்களா? பொய் சொல்லி, கவரிங் நகையைத் தங்கம் எண்டு காட்டிக் கட்டின மருமகள். அவவை மன்னிக்கலாம், அண்ணன்மாரை மன்னிக்கேலாது எண்டால் அது என்ன நியாயம்?

பாலையூற்றுப்_பெட்டை
தங்கமயில் பயத்தில பொய் சொன்னவ. அண்ணன்மார் பயத்தில செய்யேல்லை, திமிரில செய்தவங்க. பயந்து செய்ததுக்கு ஒரு கணக்கு, திமிருக்கு வேற கணக்கு.

கிண்ணியா_மச்சி
கவரிங் நகை விசயத்தில தங்கமயிலின்ட அம்மாவைத்தான் பிடிக்கவேணும். அந்தப் பிள்ளை பாவம். அடுத்த கேள்வி.

ஸ்காபரோ_சித்தப்பா
ஒருத்தரும் முறையைப் பற்றிக் கதைக்கேல்லையே? ராஜி முத்துவேலின்ட மகள். கதிர் கோமதியின்ட மகன். சொந்த மாமன் மகள், அத்தை மகன். எங்கட அம்மா உயிரோட இருந்திருந்தால், "உரிமைப் பெடியனைத்தானே கட்டியிருக்கிறாள், இதுக்கென்ன சண்டை" எண்டு கேட்டிருப்பா. சண்டை இல்லாமல் இருந்திருந்தால் அந்த ரெண்டு வீடும் தாங்களாகவே பேசி முடிச்சிருக்கக்கூடிய கலியாணம். அவங்களின்ட கோவத்துக்கு அதுதான் பெரிய அவமானம். வெளியில ஆரையும் கட்டியிருந்தால் நியாயமாகத் திட்டலாம். இப்ப திட்டவும் ஏலாமல் நிக்கிறாங்க.

டொக்யார்ட்_ரிட்டயர்ட்
நல்ல கதை. முத்துவேல் ராஜியைப் பார்த்துப் பார்த்து வாயைத் திறக்காமல் நிக்கிறது அதாலதான். அந்த மனிசன் இளகினவர். தம்பிக்காரன்தான் விடுறானில்லை. என்ட அனுபவத்தில எந்தக் குடும்பத்திலயும் கோவப்பட்டவர் ஒருவர், கோவத்தைக் காவல் காக்கிறவர் இன்னொருவர். காவல்காரனுக்குத்தான் அதில வேலை, சம்பளம் எல்லாம்.

நிலாவெளி_வெங்காயம்
இதே கடைக் கதையை மலையாளத்தில 'சாந்த்வனம்', ஹிந்தியில 'பாண்டியா ஸ்டோர்' எண்டு எடுத்தாங்க. அது முதல் பாகம். சேர நாட்டிலயும் குஜராத்தியாட்ட வீட்டிலயும் அண்ணன் தம்பிச் சண்டை வித்தியாசமில்லாமல் ஓடுது. சக்திவேல் எல்லா மொழியிலயும் ஒரு ஆள் இருக்கிறார்.

(ஒரு நாள் கழிச்சு)

உவர்மலைக்காரி
சரி, ஒண்டு சொல்லவேணும். நேற்றிலிருந்து சொல்லலாமா வேண்டாமா எண்டு யோசிச்சுக்கொண்டு இருந்தனான். இந்த இழையை நான் தொடங்கினது கோமதிக்காக மட்டும் இல்லை.

எங்கட அம்மாவுக்கு ஒரு அண்ணன். சாம்பல்தீவுப் பக்கம் இருக்கிறார். 11 வருசமா கதை பேச்சில்லை. மச்சாள் பெரியபிள்ளையான நேரம் சாமத்திய வீட்டுக்கு மாமி போனிலதான் சொன்னா, நேர வந்து வெற்றிலை வைச்சுச் சொல்லேல்லை. அம்மா போகேல்லை. வெளிக் காரணம் அது. உள்காரணம் டொக்யார்ட் ஐயா சொன்னதுதான். நாங்க இருக்கிற வீடு மாமா உழைச்சுக் கட்டினது. அப்பா அதை ஒரு நாளும் வாயால சொன்னதில்லை. மாமாவும் கேட்டதில்லை. அதுதான் பிரச்சினை எண்டு எனக்கு இந்த இழையை வாசிச்ச பிறகுதான் விளங்குது.

அம்மா கன்னியாக் கதையை வாசிச்சா. ரெண்டு தரம். ஒண்டும் சொல்லேல்லை, குசினிக்குப் போனா. கொஞ்ச நேரத்தில ஒரு ஐஸ்கிறீம் பெட்டி நிறைய நெத்தலிக் கருவாட்டுப் பொரியல் கொண்டுவந்து வைச்சா. "நீ நாளைக்கு நிலாவெளிப் பக்கம் வேலையாப் போறாய்தானே. போற வழியில குடுத்திட்டுப் போ" எண்டா. ஆருக்கு எண்டு சொல்லேல்லை. நானும் கேக்கேல்லை. மாமாவுக்குச் சின்ன வயசிலயே நெத்தலி எண்டால் உயிர் எண்டு அம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறன்.

கிண்ணியா_மச்சி
யா அல்லாஹ். பிறகு??

பாலையூற்றுப்_பெட்டை
நான் சொன்னது எல்லாம் சக்திவேலுக்கு. உங்கட மாமாவுக்கு இல்லை அக்கா. ஓடுங்க.

உவர்மலைக்காரி
இண்டைக்குக் காலையில குடுத்திட்டு வந்தன். மாமி வாங்கினா. "இரு, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" எண்டா. நேரமில்லை எண்டு சொல்லிட்டன். மாமா உள்ள இருந்தார், செருப்பு வாசலில கிடந்தது. வெளிய வரேல்லை.

நிலாவெளி_வெங்காயம்
நேரமில்லை எண்டு சொன்னீங்களா! எபிசோட்டையே கெடுத்திட்டீங்களே. தேத்தண்ணி குடிச்சிருந்தால் மாமா கட்டாயம் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு வெளிய வந்திருப்பார்.

டொக்யார்ட்_ரிட்டயர்ட்
பிள்ளையைக் குழப்பாதேங்கோ. பெட்டி எப்பிடித் திரும்பி வருது எண்டு பாருங்கோ. அதிலதான் எல்லாம் இருக்கு. மனசிருந்தால் வெறும் பெட்டி வராது. ரெண்டு மாங்காயாவது, ஒரு பிடி சீனியாவது இருக்கும்.

(மூன்று நாள் கழிச்சு)

உவர்மலைக்காரி
பெட்டி வந்துது. மாமாவின்ட மகன் கொண்டுவந்து கேற்றில வைச்சிட்டு, ஹெல்மட்டையும் கழட்டாமல் போயிட்டான்.

வெறும் பெட்டி. கழுவித் துடைச்சு, வெறும் பெட்டி.

ஸ்காபரோ_சித்தப்பா
ஐயோ.

டொக்யார்ட்_ரிட்டயர்ட்
நான் சொன்னதை மனசில வைக்காதேங்கோ பிள்ளை. இந்தக் காலத்துப் பெடியனுக்கு அந்த முறையெல்லாம் தெரியாது. மாமி அடுப்படியில நிண்டிருப்பா, அவன் வெறுமனே எடுத்துக்கொண்டு வந்திருப்பான்.

பாலையூற்றுப்_பெட்டை
இல்லாட்டி இன்னும் கோவம். ரெண்டில ஒண்டு. அக்கா, கருவாடு முழுக்கச் சாப்பிட்டிருக்கிறாங்க எண்டதையும் பாருங்க. திருப்பி அனுப்பேல்லைத்தானே.

கோணமலைக்_காற்று
அம்மா என்ன சொன்னா?

உவர்மலைக்காரி
அம்மா பெட்டியைக் கையில எடுத்து இப்பிடி அப்பிடித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நிண்டா. எனக்கு வயித்தைக் கலக்கிச்சு. பிறகு மூடியைக் கழட்டினா, திரும்ப மூடினா. அது சரியாப் பூட்டேல்லை.

"இது எங்கட மூடி இல்லையடி. எங்கட மூடி நீலம். அங்க மாறுப்பட்டுக் கிடக்கு. போய் எடுக்கவேணும்" எண்டா.

நான் எடுத்துக்கொண்டு வாறன் எண்டன். "உனக்கு எங்கட மூடி எது எண்டு தெரியாது" எண்டிட்டா. இப்ப அப்பாவிட்ட, ஞாயிற்றுக்கிழமை ஓட்டோ பிடிக்கலாமா எண்டு கேட்டுக்கொண்டு இருக்கிறா. அப்பா ஒண்டும் சொல்லாமல் கதிரைக்குக் கீழ குனிஞ்சு பற்றரி தேடுறார்.

நிலாவெளி_வெங்காயம்
ஞாயிறு எத்தினை மணிக்கு? சாம்பல்தீவுச் சந்தியில நிக்கிறன். சும்மா மரக்கறி வாங்க.